கண்ணுக்குள் ஒரு துளி இரும்பு

மனிதர்கள் சொல்லும் 'இல்லை'யில் சுபாஷினிக்கு நம்பிக்கை கிடையாது. அவளுக்குச் சம்பளம் கொடுப்பதே அதற்குத்தான். கோயமுத்தூருக்கு வெளியே மலையடிவாரத்தில் இருந்த அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் காந்த அறைக்கு அவள் பொறுப்பு. அறை வாசலில் தரையில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கும். டைரக்டரே ஆனாலும் அவள் முன்னால் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் அதைத் தாண்ட வேண்டும். சாவி இருக்கா, கொண்டை ஊசி இருக்கா, அரைஞாண் கயிற்றில் தாயத்து தொங்குதா, நெஞ்சுக்குள்ள மிஷின் வச்சிருக்கீங்களா? எல்லாரும் முதலில் இல்லை என்பார்கள். அவள் கைக்காந்தத்தை வைத்துத் தடவினால் ஜாக்கெட்டிலிருந்து ஒரு ஊக்கு எட்டிப் பார்க்கும். "அட, இது எப்படி வந்துச்சு?" என்று அந்த ஊக்கையே கேட்பார்கள்.

"சாயந்தரம் வீட்டுக்குப் போறப்ப ஆஃப் பண்ணிட்டுத்தானே மேடம் போவீங்க?" என்று கேட்காத ஆளையும் அவள் பார்த்ததில்லை. மின்விசிறி மாதிரி நினைத்துவிடுகிறார்கள். அந்தக் காந்தத்துக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. திரவ ஹீலியத்தில் ஊறிக்கொண்டு, கற்பனைக்கு எட்டாத குளிரில், வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு தடவை குழாய் ரிப்பேருக்கு வந்தவர், அவள் சாப்பிடப் போன நேரத்தில், சும்மா எட்டிப் பார்க்கலாமே என்று உள்ளே நுழைந்தார். அவர் கையிலிருந்த ரெஞ்ச் பறந்து போய்க் காந்தத்தின் வாயில் அடித்து ஒட்டிக்கொண்டது. நடுவில் ஆள் யாரும் இல்லை. இருந்திருந்தால் என்ற நினைப்பிலேயே சுபாஷினி அன்றைக்கு உட்கார்ந்து அழுதாள். அதற்கப்புறம் சிவப்புக் கோட்டு விஷயத்தில் அவள் யாருக்கும் முகதாட்சண்யம் பார்த்ததில்லை.

அந்தக் காந்தம் முதலில் எலி மூளைக்கும் மருந்துத் துளிகளுக்கும் என்று வாங்கியது. மனிதரை அதில் படுக்க வைத்தவர் நரம்பியல் டாக்டர் ஷாநவாஸ். தலையில் அடிபட்டு மாதக்கணக்கில் நினைவில்லாமல் கிடப்பவர்களை அதன் நடுவில் வைத்து, ஒரு குறிப்பிட்ட அலைவரிசையில் ரேடியோ அலையைச் செலுத்தினால் அவர்களுக்கு நினைவு திரும்புகிறது என்று அவர் கண்டுபிடித்தார். வெளியே இழுத்ததும் பழைய உறக்கம். முதலில் படுக்க வைத்த ஒரு பெண்மணி, கண் விழித்ததும் தன் பெண்ணுக்குப் பரீட்சை முடிந்துவிட்டதா என்று கேட்டார். பரீட்சை முடிந்து அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமே ஆகியிருந்தது.

இந்த விஷயத்தை, அடுத்து வந்த நோயாளி நாச்சிமுத்துவின் மனைவி சாந்தாமணிக்கு ஷாநவாஸ் விளக்கியபோது சுபாஷினியும் பக்கத்தில் இருந்தாள்.

"தேர்க் கூட்டத்துல ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுத்தா தேர் நகராதுல்லம்மா? இவர் மூளை இப்ப அப்படித்தான் இருக்கு. காந்தம் எல்லாரையும் ஒரே பக்கம் திருப்பி நிறுத்துது. ரேடியோ அலை 'இழு'ன்னு குரல் குடுக்குது."

"வெளிய வந்தாங்க?"

"மறுபடியும் ஆளாளுக்கு ஒரு பக்கம்."

சாந்தாமணிக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். குள்ளமான உருவம், முன்கை முழுக்கப் பழைய தீத்தழும்புகள். கணபதி பக்கம் புருஷனும் பெண்டாட்டியுமாக ஒரு ஃபோர்ஜிங் பட்டறை நடத்தினார்கள். குழந்தைகள் இல்லை. பழுக்கக் காய்ச்சிய இரும்பை அவள் கொறடால் பிடிப்பாள், அவர் மிஷின் ஹேமரை இறக்குவார். ஒருநாள் அச்சு உடைந்து தெறித்தது. எந்நேரமும் பக்கத்திலேயே நிற்கிற சாந்தாமணி அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்கப் பின்பக்கம் போயிருந்தாள். நாச்சிமுத்துவுக்கு மண்டையில் அடி, இரண்டு கண்ணும் போய்விட்டன. மூச்சுக்குத் தொண்டையில் குழாய் போட்டதில் குரலும் இல்லை. காது ஏற்கெனவே கிடையாது. அத்தனை வருஷம் ஹேமர் பக்கத்தில் நின்றவருக்குக் காது எங்கே மிஞ்சும்?

நாச்சிமுத்துவை உச்சி முதல் உள்ளங்கால் வரை எக்ஸ்ரே எடுத்து, தெறித்த இரும்பெல்லாம் ஆபரேஷனில் எடுபட்டுவிட்டது என்று நிச்சயம் செய்துகொண்ட பிறகுதான் சுபாஷினி உள்ளே விட்டாள். முதல் நாள் அவர் விழித்தார். இதயத் துடிப்பு மாறியது, தலை அசைந்தது. ஆனால் கையைத் தொட்டு உலுக்கினாலும் பதில் இல்லை. வலது கை விரல்கள் மட்டும் மெத்தையைத் தட்டிக்கொண்டிருந்தன.

"வெறும் நரம்புத் துடிப்பு," என்றார் ஷாநவாஸ், ஏமாற்றத்தோடு.

காமிரா படம் ஓடும் திரையின் முன்னால் நின்ற சாந்தாமணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "துடிப்பில்லீங்க டாக்டர், பேசறாருங்க! உலையை அணைச்சாச்சான்னு கேக்கறாருங்க!" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது.

ஹேமர் ஓடுகிற இடத்தில் வாயால் பேசினால் யாருக்குக் கேட்கும்? கண்ணையும் வேலையிலிருந்து எடுக்க முடியாது. அதனால் பக்கத்தில் நிற்பவர் முன்கையில் தட்டித்தான் பேசிக்கொள்வார்கள். எல்லாப் பட்டறையிலும் இருப்பதுதான், அடி, நிறுத்து, திருப்பு என்கிற அளவுக்கு. இவர்கள் இரண்டு பேரும் அதை வளர்த்துக்கொண்டே போயிருந்தார்கள். குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று சொல்லவும் தட்டு உண்டு, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போகலாமா வேண்டாமா என்று பேசவும் தட்டு உண்டு. அவருக்குக் காது போன பிறகு வீட்டிலும் அதே பேச்சாகிவிட்டது. உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்த பாஷை.

"அம்மிணி, என்னை உள்ள உடுங்க. நான் அவருகிட்ட பேசோணும்," என்றாள் சாந்தாமணி.

சுபாஷினி வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். வளையல், மெட்டி, ஊக்கு எல்லாம் கழன்றன. "அக்கா, பட்டறையில கிரைண்டிங் வேலை பார்த்திருக்கீங்களா? கண்ணுல எப்பவாவது இரும்புத்தூள் அடிச்சிருக்கா?"

"இல்லீங்க அம்மிணி. நான் கொறடு பிடிக்கறதோட சரி."

பதில் சொல்லும்போது அவள் வலது கண்ணை லேசாகச் சுருக்கினாள். சுபாஷினி எக்ஸ்ரேவுக்கு அனுப்பினாள். படத்தில், வலது கண்ணின் பின்சுவர் ஓரமாக, கடுகில் பாதி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது.

"ஏன்க்கா பொய் சொன்னீங்க?"

"அது எப்பவோ அடிச்சதுங்க. இரும்புப் பிசிறு தேய்க்கறப்ப. கண்ணாடி போட்டா வேர்வையில ஒண்ணும் தெரியாதுன்னு போட மாட்டேன். ரெண்டு நாள் தண்ணியா வந்துச்சு, அப்பறம் நின்னு போச்சு. இத்தன வருஷமா சும்மாதானே கெடக்குது?"

"வெளியில சும்மா கிடக்கும். இந்த ரூமுக்குள்ள அது திரும்பிப் பார்க்கும்க்கா. கண்ணுக்குள்ளேயே உருளும். கிழிச்சிட்டுப் போனா உள்ளேயே ரத்தம் கட்டி, பார்வை அந்த இடத்துலேயே போயிடும். நான் விட மாட்டேன்."

"அப்ப கொஞ்ச நேரம் அதை அணைச்சுப் போட்டு என்னை உள்ள உடுங்க."

"காந்தம் அணைஞ்சா அவர் தூங்கிடுவாரேக்கா. அதுவும் போக, அணைச்சா இருக்கிற ஹீலியம் முழுக்க ஆவியாகி மேல போயிடும். மறுபடி ஊத்த நாட்டுலயே ஹீலியம் இல்லை. கப்பல் வர்றதே நின்னு போச்சு. இப்ப உள்ள இருக்கிறது தை மாசம் வரைக்கும் தாங்கினா பெருசு."

"நீங்க பொழப்புக்குச் சொல்றீங்க. நான் என்ற பொழப்பையே உள்ள படுக்க வெச்சிருக்கறேன்," என்று சொல்லிவிட்டுச் சாந்தாமணி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். சுபாஷினிக்குச் சுருக்கென்றது. ஆனால் கோடு கோடுதான்.

அவளுக்கும் மனசு கேட்கவில்லை. மறுநாள் ஒரு நீளமான மூங்கில் கழியைக் கொண்டுவந்து, கோட்டுக்கு வெளியே நின்றபடி சாந்தாமணியை அதன் முனையால் அவர் கையில் தட்டச் சொல்லிப் பார்த்தாள். கொசு கடிக்கிறது என்று நினைத்து நாச்சிமுத்து கையை உதறினார். கண் டாக்டரிடமும் விசாரித்தாள். இரும்பு போய் உட்கார்ந்திருக்கிற இடம் சரியில்லை, எடுக்கப் போனால் பார்வை தப்பாது என்று அவர் சொல்லிவிட்டார். கடைசியில் சுபாஷினியே ஒரு முடிவுக்கு வந்தாள்.

"எனக்குக் கத்துக் குடுங்கக்கா. உங்களுக்குப் பதிலா நான் உள்ள போய் தட்டறேன். அவர் பேசறதை நீங்க திரையில படிங்க."

ஆராய்ச்சிக்கூடத்தை ஒட்டியிருந்த ஆஸ்பத்திரியின் கேன்டீனில் உட்கார்ந்து டீ ஆற ஆறக் கற்றுக்கொண்டாள். ஒற்றை விரலால் ஒரு தட்டு என்றால் நிறுத்து. முழங்கைக்குக் கீழே ஒரு கிள்ளு என்றால், கூறு இருக்கா உனக்கு. சாந்தாமணி கண்டிப்பான வாத்தியார். "அம்மிணி, மாவு பிசையற மாதிரி தட்டாதீங்க. இப்படித் தட்டினா அவரு தோசை ஊத்தச் சொல்றதா நெனச்சுக்குவாரு," என்பாள். பக்கத்து மேஜைக்காரர்கள் இரண்டு பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் கிள்ளுவதை வேடிக்கை பார்த்தார்கள்.

உள்ளே போய் சுபாஷினி அவர் முன்கையில் கையை வைத்தாள். 'நான் சாந்தாவுக்காகப் பேசறேன்' என்று தட்டினாள். நாச்சிமுத்துவின் விரல்கள் அவள் கையைத் தடவிப் பார்த்தன. தழும்பில்லாத, மெத்தென்ற கை. அவர் தட்டினார். வெளியேயிருந்து மைக்கில் சாந்தாமணியின் குரல் வந்தது. "யாரு நீன்னு கேக்கறாரு. சாந்தா எங்கேங்கறாரு."

'இருக்கா. நல்லா இருக்கா,' என்று சுபாஷினி தட்டினாள்.

'அப்ப அவ கை எங்க?'

கண், இரும்பு, காந்தம் என்று விளக்க அவளுக்குத் தெரிந்த தட்டுகள் போதவில்லை. அவர் கையை மடக்கிக்கொண்டார்.

சாந்தாமணி உயிரோடுதான் இருக்கிறாள் என்பதற்கு ஏதாவது அடையாளம் காட்ட வேண்டும் என்று வெளியே வந்து இருவரும் யோசித்தார்கள். சுபாஷினிக்குத்தான் அந்தப் பொல்லாத யோசனை தோன்றியது. "தாலி தங்கம்தானேக்கா? தங்கத்தைக் காந்தம் சீண்டாது. மஞ்சக் கயித்துல கோத்துக் குடுங்க, நான் அவர் கையில வைக்கறேன். வேற எதுல அவருக்கு நிச்சயம் வரும்?"

சாந்தாமணி தயங்கினாள். அப்புறம் சாமி படம் மாட்டியிருந்த பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டு கழற்றினாள். சுபாஷினி பரிசோதித்து, எடுத்துக்கொண்டு போய், நாச்சிமுத்துவின் உள்ளங்கையில் வைத்தாள்.

அவர் விரல்கள் அதைத் தடவின. ஒருமுறை, இன்னொரு முறை. சட்டென்று அவர் நெஞ்சு ஏறி இறங்க ஆரம்பித்தது. வாய் திறந்து, சத்தம் வராமல், முகம் கோணிக்கொண்டு போனது. சுபாஷினிக்கு அப்போதுதான் உறைத்தது. பெண்டாட்டி கழுத்துத் தாலியை முன்பின் தெரியாத ஒருத்தி கொண்டுவந்து புருஷன் கையில் கொடுக்கிறாள் என்றால் நம் ஊரில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். அடப்பாவி, இது கூடவா எனக்குத் தோன்றாமல் போயிற்று என்று அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

'இருக்கா, இருக்கா, இருக்கா' என்று தட்டினாள். 'பொய்' என்றார் அவர். அப்புறம் ஒற்றை விரலால் ஒரு தட்டு. கொஞ்சம் விட்டு மறுபடியும் ஒரு தட்டு. இதை மொழிபெயர்த்துச் சொல்ல யாரும் தேவைப்படவில்லை.

ஷாநவாஸ் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் இந்தச் சோதனைக்கு அனுமதி வாங்கியபோதே ஒரு நிபந்தனைக்குக் கட்டுப்பட்டிருந்தார். காந்தத்துக்குள் விழிக்கிற நோயாளி போதும் என்றால் அதுதான் கடைசிச் சொல். சோதனையை மட்டும் அல்ல, உயிரைப் பிடித்து வைத்திருக்கிற குழாய்களையும் அதோடு எடுத்துவிட வேண்டும்.

"நான் செத்துட்டேன்னு நெனச்சுக்கிட்டு சொல்றாருங்க டாக்டர். அதை ஒரு பேச்சுன்னு எடுத்துக்குவீங்களா?" என்று சாந்தாமணி அவரை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இந்தத் தடவை எடுத்துக்கலைம்மா. ஆனா அடுத்த தடவையும் இதையே சொன்னார்னா என்னால தள்ளிப்போட முடியாது. அது அவருக்கு நான் செய்யற அநியாயம்."

வார்டில் நினைவில்லாமல் கிடந்த புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு சாந்தாமணி அன்றைக்கு முழுவதும் தட்டிக்கொண்டே இருந்தாள். அங்கே அந்தக் கைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாளிலிருந்து அவளைக் காணவில்லை. போன் எடுக்கவில்லை. சுபாஷினி பட்டறை வரைக்கும் போய்ப் பார்த்தாள், பூட்டியிருந்தது. தாலி விஷயத்தில் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள் என்று முடிவு கட்டி, சுபாஷினி தன்னையே திட்டிக்கொண்டு நாட்களைக் கழித்தாள்.

அடுத்த முறை நாச்சிமுத்துவைக் காந்தத்தில் வைக்க வேண்டிய நாள் வந்தது. காலையில் சுபாஷினி வந்து சேர்ந்தபோது சாந்தாமணி அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வலது கண்ணில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"இப்ப படம் எடுத்துப் பாருங்க அம்மிணி," என்றாள்.

"என்னக்கா பண்ணிட்டு வந்திருக்கீங்க?"

"எடுத்தாச்சுங்க. மொதல்ல அந்தக் கண்ணு டாக்டரும் முடியாதுன்னுதான் சொன்னாரு. விட்டு வெச்சாலும் துருப்புடிச்சு ஒரு நாளைக்கு அந்தக் கண்ணு போறதுதானுங்களேன்னு நான் கேட்டேன். ஆமான்னாரு. அப்ப என்னைக்கோ போறது இன்னைக்கே போகட்டும்னு சொல்லிட்டேன்."

"பார்வை?"

"போச்சுங்க. வெளிச்சங்கூடத் தெரியாது."

உங்கள் கண்ணைக் காப்பாற்றத்தானே அக்கா நான் உங்களை உள்ளே விடவில்லை என்று சுபாஷினி சொல்ல நினைத்தாள். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதாள். சாந்தாமணி எழுந்து வந்து அவள் முதுகில் கையை வைத்தாள். "உங்க மேல தப்பில்லீங்க. நீங்க அன்னைக்குக் கண்ணை மூடிட்டு என்னை உள்ள உட்டிருந்தா, அவரு பக்கத்துல நான் ரத்தமாக் கெடந்திருப்பேன். அதுக்கு இது தேவலைங்க." ஆறுதல் சொல்ல வேண்டியவள் யார், கேட்டுக்கொள்ள வேண்டியவள் யார் என்று சுபாஷினிக்கு வெட்கமாகப் போய்விட்டது.

படத்தில் வெள்ளைப் புள்ளி இல்லை. கண் டாக்டரிடம் போனில் பேசி உறுதி செய்துகொண்டு, எல்லாக் கேள்வியும் கேட்டு, எல்லாம் கழற்ற வைத்து, சுபாஷினி வழிவிட்டாள். சாந்தாமணி கோட்டைத் தாண்டி, குழாய் போல வாய் திறந்து நின்ற காந்தத்துக்குள் குனிந்து, புருஷனின் வலது முன்கையில் தன் கையை வைத்தாள். தட்டக்கூட இல்லை, வெறுமே வைத்தாள்.

நாச்சிமுத்துவுக்கு அதுவே போதுமாக இருந்தது. அவர் கை அவள் கையைப் பற்றி, தழும்புகளைத் தடவி, முழங்கை வரை ஏறி, அப்புறம் நறுக்கென்று கிள்ளியது. காமிரா முன்னால் உட்கார்ந்திருந்த சுபாஷினிக்குச் சிரிப்பும் அழுகையும் முட்டிக்கொண்டு வந்தன. பக்கத்தில் ஷாநவாஸ், "என்ன சொல்றார், என்ன சொல்றார்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "திட்டறார் டாக்டர். இவ்வளவு நாளா எங்கே போனேன்னு திட்டறார்."

வெகு நேரம் பேசினார்கள். எவ்வளவோ சுபாஷினிக்குப் புரியவில்லை, அவளுக்குக் கற்றுக்கொடுக்காத பேச்சு. பிறகு அவர் கை மேலே போய் அவள் கன்னத்தைத் தொட்டது. மூக்கு, நெற்றி, இடது இமை. வலது பக்கம் போனதும் பிளாஸ்திரியில் நின்றது.

'இது என்ன?'

சாந்தாமணி தட்டினாள். 'போச்சு.'

'ஏன்?'

'உங்களைத் தொட.'

நாச்சிமுத்துவின் கை அந்த இடத்திலேயே வெகு நேரம் இருந்தது. பிறகு இறங்கி அவள் முன்கைக்கு வந்தது. ஒற்றை விரலால் ஒரு தட்டு. சாந்தாமணி தலையை ஆட்டினாள், மாட்டேன் மாட்டேன் என்று படபடவென்று தட்டினாள். அவர் அவள் கையை அழுத்திப் பிடித்து அசையாமல் வைத்துக்கொண்டு, மறுபடியும் நிதானமாகத் தட்டினார். 'நான் இருந்தா நீ இன்னொண்ணையும் குடுப்பே. போதும். நிறுத்து.' சாந்தாமணியின் தோள் தொய்ந்து போனதைத் திரையில் பார்த்த ஷாநவாஸ் இந்தத் தடவை என்ன சொன்னார் என்று கேட்கவில்லை.

அவள் அவர் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டு, மெத்தையில் வைத்துவிட்டு, திரும்பினாள். அவள் கை விலகிய பிறகு நாச்சிமுத்து கொஞ்சம் பொறுத்திருந்தார். அப்புறம் அவருடைய இடது கை அசைந்தது. அது சாந்தாமணியின் வலது பக்கம், இனிமேல் அவளுக்கு எதுவும் தெரியாத பக்கம். அந்தக் கை நான்கு விரலையும் மெத்தையில் பதித்து, அழுத்தி, எடுக்காமல் அப்படியே இருந்தது. பழுத்த இரும்பைக் கொறடால் பிடித்திருக்கிறவளிடம் சொல்வது அது. பிடிச்சுக்க, விடாத. சாந்தாமணி ஒன்றும் பார்க்கவில்லை, கண்ணைத் துடைத்தபடி கதவுக்கு வந்துவிட்டாள்.

திரையில் அது சுபாஷினிக்கு மட்டும் புரிந்தது. அவள் பார்க்க மாட்டாள் என்று தெரிந்துதான் அவர் அந்தப் பக்கம் வைத்துச் சொல்லியிருக்கிறார் என்பதும் புரிந்தது.

சாந்தாமணி வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். குரல் தெளிவாகத்தான் இருந்தது. "நிறுத்தச் சொல்லிட்டாருங்க டாக்டர். நான் உசிரோட இருக்கறது தெரிஞ்சு, நல்ல புத்தியோட சொல்றாரு. இனி நான் மறுத்துப் பேச என்ன இருக்குது? குழாயெல்லாம் எடுத்துருங்க."

ஷாநவாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சுபாஷினியிடம் திரும்பினார். "நீங்களும் படிச்சீங்கல்ல சுபா? அதுதானே சொன்னார்?"

ஆமாம் என்றால் முடிந்தது. அதுவும் பொய் இல்லை, அவர் சொன்னதுதான். பெண்டாட்டிக்குத் தெரியக் கூடாது என்று ஒரு மனுஷன் ஒளித்து வைத்த ஆசையை எடுத்துப் போட இவள் யார்? சொன்னால் சாந்தாமணி தை மாதம் வரைக்கும் இங்கேயே கிடந்து தேய்வாள். சொல்லாவிட்டால் அந்த மனுஷன் வலது கையில் ஒன்றும் இடது கையில் வேறொன்றுமாகப் போய்ச் சேர்வார். நாள் முழுக்க மற்றவர்களை உண்மை பேச வைத்துப் பிழைக்கிறவள் சாந்தாமணி பக்கம் திரும்பினாள்.

"அக்கா," என்றாள். "நீங்க திரும்பின அப்புறமும் அவர் பேசினார்."

"நான் பாக்கலீங்களே?"

"உங்க வலது பக்கம். இடது கையால, மெத்தை மேல."

சாந்தாமணி சுவரை விட்டு நிமிர்ந்தாள். "என்ன சொன்னாரு?"

சுபாஷினி அவள் அருகில் போனாள். சாந்தாமணியின் கையைப் பிடித்து இழுத்து, தழும்பு விழுந்த அந்த முன்கையில் நான்கு விரலையும் பதித்து, அழுத்தி, எடுக்காமல் வைத்திருந்தாள்.

சாந்தாமணி அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஒற்றைக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடையில் இறங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை.

"நெசத்தைச் சொல்றதுக்கு என்ற குருட்டுக் கண்ணுப் பக்கந்தான் கெடச்சுதாக்கு இந்த மனுசனுக்கு!" என்றாள். "டாக்டர், குழாய்ல யாரும் கை வெக்காதீங்க. அம்மிணி, இன்னிக்கு நேரம் இன்னும் இருக்குதுங்களா?"

"இருக்குக்கா."

சாந்தாமணி சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, சண்டைக்குப் போகிறவள் மாதிரி உள்ளே போனாள்.